சத்தம் சரியில்லை என்றால்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டுப் பார்த்தால் அது உண்மையா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. போனில் எனக்கு "ம்", "சரி" தவிர வேறு எதுவும் வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அப்பாவோடு சண்டை மட்டும் குறையவில்லை. "நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டாரு. வயசாக வயசாகத் திமிர் ஏறுது இந்த மனுஷனுக்கு" என்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இப்போது அப்பாவோடு பம்ப் பட்டறைக்குப் போகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வீட்டில் மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை அப்பாதான் கூப்பிட்டார். நீ இருந்தபோது இம்பெல்லர் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. இப்போது பம்ப்புக்குள் சுழலும் அந்தச் சக்கரத்தைக் கழற்றி, துரு சுரண்டி, தேய்மானம் பார்த்துத் திரும்பப் பூட்டுவது என் வேலை. பம்ப்புகளோடு எனக்கு ஒத்துப்போகிறது. அவை என்னை எதுவும் சத்தமாக வாசிக்கச் சொல்வதில்லை.

போன வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே தரைக்குக் கீழே இரண்டு தீயணைப்பு பம்ப் இருக்கின்றன. ஒன்று கரண்டில் ஓடுவது, இன்னொன்று டீசலில். முதலில் கரண்டு பம்ப்பைப் பிரித்தோம். பேரிங் மாற்றி, சுழலும் தண்டான ஷாஃப்ட்டைச் சுற்றிப் புது பேக்கிங் கயிறு வைத்து மூடினோம். ஓட்டிப் பார்த்தபோது அந்த இடத்தில் தண்ணீர் சொட்டியது. சொட்டத்தான் வேண்டும், இல்லையென்றால் கயிறு கருகிவிடும். ஆஸ்பத்திரி சூப்பர்வைசருக்கு அது தெரியவில்லை. "புதுசா போட்டும் ஒழுகுதே, ஏன்?" என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, "சாயந்திரத்துக்குள்ள முடிஞ்சிடும் சார்" என்றார். சூப்பர்வைசர் அதை ஏதோ கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் குழாயைத் திறந்து முழு வேகத்தில் தண்ணீர் விட்டோம். அப்பா வழக்கம்போல ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பம்ப் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். சரி என்று தலையாட்டினார். என்னிடம் கொடுத்தார். நான் காதில் வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டது. டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். "அப்பா, சரியில்லப்பா" என்றேன். அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். இன்னும் பக்கத்தில் போய்ச் சொன்னேன். பரிசோதனை அட்டையில் கையெழுத்துப் போடக் குனிந்துவிட்டார். மேலே ஆறு மாடியிலும் எழுந்து நடக்க முடியாதவர்கள் படுத்திருக்கிறார்கள். நான் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தி பம்ப்பை நிறுத்திவிட்டேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "வாயில என்ன பூட்டா போட்டிருக்கு? சொல்லிட்டு நிறுத்த வேண்டியதுதானே?" என்று அப்பா கத்தினார். "சொன்னேன்ப்பா" என்றேன். அவர் என் உதட்டையே பார்த்தார். பிறகு வால்வுகளைப் பார்க்கப் போனார்.

தொட்டியிலிருந்து பம்ப்புக்குத் தண்ணீர் வரும் வால்வு பாதிதான் திறந்திருந்தது; தண்ணீர் போதாமல்தான் அந்தச் சத்தம். அதைத் திறந்தது அப்பாதான். துருப்பிடித்து நடுவழியில் இறுகி நின்றதை, முழுவதும் திறந்துவிட்டதாக நினைத்துவிட்டார். எண்ணெய் விட்டுத் திறந்து மறுபடி ஓட்டியதும் சத்தம் போய்விட்டது. வால்வு தவறுவது யாருக்கும் நடக்கும். ஆனால் அந்தச் சத்தம் கதவுக்கு வெளியே நின்ற வாட்ச்மேனுக்குக்கூடக் கேட்டிருக்கிறது. "உள்ள என்னம்மா கல்லு அரைக்கிறீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

வரும் வழியில் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். "இனிமே சத்தம் சரியில்லைன்னா என் சட்டையப் பிடிச்சு இழு" என்றார். அப்படியென்றால் தன் காதைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ராத்திரி அம்மா கேட்டபோது, "பம்ப் போடுற சத்தத்துல யாருக்கு என்ன கேக்கும்?" என்று தட்டிவிட்டார். அவருக்குத் தெரியுமா, தெரியாத மாதிரி இருக்கிறாரா, எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா? யோசித்தால் தலை சுற்றுகிறது.

வருகிற திங்கட்கிழமை டீசல் பம்ப்பைப் பிரிக்கிறோம். கூழாங்கல் சத்தத்தை யாரும் சொல்லிவிடலாம். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே பேரிங் லேசாக முனகினால் எனக்குப் பிடிபடுமா? தெரியவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். என் முகத்தை நம்பி ஒரு ஆஸ்பத்திரியா? அம்மாவிடம் சொன்னால் அன்றைக்கே பட்டறையைப் பூட்டி அவரை வீட்டில் உட்கார வைத்துவிடுவாள். வேலை இல்லாத அப்பாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொல்லாமல் இருப்பதும் பயமாக இருக்கிறது.

நீ வந்தால் நன்றாக இருக்கும். வந்தால் என்னை மறுபடியும் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களோ என்றும் தோன்றுகிறது. இப்படி நினைப்பது தப்பா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்து அழிக்கவில்லை.

இன்னொன்று. நீ ஊரை விட்டுக் கிளம்பிய அன்றைக்குப் பட்டறை வாசலில் நின்று, "போய்ட்டு வரேன்ப்பா" என்றாய். அப்பா உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரத்தால் ஏதோ ராவிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. நீயும் இந்த இரண்டு வருஷமாக அவரோடு பேசவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் அவர் என்னிடம், "அவன் சொல்லாமலே போய்ட்டான், பாத்தியா?" என்றார். வீம்புக்குச் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

திங்கட்கிழமைக்குள் வரப் பார் அண்ணா. வந்ததும் அவருக்கு முன்னால் போய், உன் முகம் அவருக்குத் தெரிகிற மாதிரி நின்று பேசு. அதற்குப் பிறகும் அவர் பதில் சொல்லவில்லை என்றால், அப்போது கோபித்துக்கொள்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தங்கச்சி