பூங்காவுக்கு விட்ட இடம்

ஜூலை 21, திங்கள்

விடிந்ததிலிருந்தே ஆடிக்காற்று. கொடியில் போட்ட துணி எல்லாம் மண். மகள் யாழினிக்கு ராத்திரி மறுபடி இழுப்பு. நெபுலைசர் வைத்த பிறகுதான் தூங்கினாள்.

வாங்க: துவரம்பருப்பு, துணி சோப்பு, யா. மருந்து.

தண்ணீர் பிடிக்கும்போது எதிர்வீட்டு பஞ்சவர்ணம் அக்கா சொன்ன சேதி. பிளாட் போட்டபோது தெருவுக்கு மேற்கே பூங்காவுக்கென்று விட்ட இடம் இருக்கிறதே, கருவேலம் மண்டிக் கிடப்பது. அதைத் தொழிற்சாலை நிலமாக மாற்றி, குப்பையிலிருந்து கரண்ட் எடுக்கும் பிளாண்ட் கொண்டுவருகிறதாம் நகராட்சி. ரோட்டோரம் கடைகள் கட்டி ஏலம்.

"பூங்காவத்தான் காணோம், புகையாச்சும் வரட்டும்" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேற்கு என்றால் இப்போது காற்று வருகிற பக்கம்.

இவரிடம் சொன்னேன். "வீட்டுக்கு ஒரு ஆளுக்கு வேலையின்னு பேசிக்கிறாக. மில்லுல நைட் ஷிப்டு பாத்தது போதும்டி." முகத்தில் ஒரு வெளிச்சம்.

ஜூலை 23, புதன்

காற்று நிற்கவில்லை. சாம்பாரில்கூட மண் நறநறப்பு.

மாமா தெருக்காரர்களைக் கூட்டிவிட்டார். பேத்தி என்றால் அவருக்கு உயிர். சேர்மனை நேரில் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முடிவு. ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுக்கச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, எழுதிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"எழுதுறது அப்பறம் தாயி. மொதல்ல மொகத்தப் பாத்துச் சொல்லணும். வெறுங்கையோட போயி நிக்கக் கூடாது."

சால்வை வாங்க டவுனுக்குப் போய்விட்டார். எங்கள் பக்கம் இப்படித்தான். சண்டைக்கே போனாலும், பெரிய ஆள் என்றால் துண்டு போட்டுவிட்டுத்தான் வாய் திறப்பது.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போக முடியவில்லை. நகராட்சி ஆபீஸ்.

நானும் யாழினியைத் தூக்கிக்கொண்டு போனேன். சேர்மன் எழுந்து நின்று கும்பிட்டார். மாமா சால்வையைப் போர்த்தினார். பக்கத்தில் ஒருவன் செல்போனோடு: "பாப்பா, இங்கிட்டுப் பாரு. அக்கா, லேசா சிரிச்சாப்ல." சிரித்தேன். கேமரா என்றால் தானாக வருகிற சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் விஷயம். "பிள்ளைக்கு இழுப்பு இருக்குய்யா. வேற எடம் பாருங்க."

"பாத்துக்கிருவோம் அண்ணாச்சி. டீ சாப்பிடுங்க."

டீ நன்றாக இருந்தது. திரும்பும்போது மாமா ஒரே தெம்பு. எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லையே என்றால், "சால்வைய வாங்கிக்கிட்டாருல்ல, சொல்லத் தட்ட மாட்டாரு" என்கிறார்.

ஜூலை 29, செவ்வாய்

தலைவலி. இட்லி மாவு புளித்துப் போய்விட்டது.

காலையிலேயே வார்டு வாட்ஸப் குழுவில் அந்தப் படம். கீழே, "புதிய மின் திட்டத்தை வரவேற்று நகர்மன்றத் தலைவருக்கு நன்றி தெரிவித்த பகுதி மக்கள்". நடுவில் நான், பல் தெரிய. யா. என் தோளில், விரல் சப்பிக்கொண்டு. அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்.

மதியம் நகர்மன்றக் கூட்டம். அங்கேயும் இதைத்தான் காட்டினார்களாம். எழுத்தில் ஆட்சேபம் ஒன்றும் வரவில்லை, மக்களே வரவேற்கிறார்கள் என்றார்களாம். தீர்மானம் நிறைவேறியது. ஆட்சேபம் கொடுக்க நேற்றோடு கெடு முடிந்திருந்தது.

பஞ்சவர்ணம் அக்கா வாசலில் நின்று: "ஏத்தா, கல்யாண ஆல்பத்துலகூட நீ இம்புட்டுச் சிரிக்கலையே." நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. விட்டுவிட்டேன்.

மாமா சாப்பிடவில்லை. போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். "நான் மரியாதைக்குல்ல போட்டேன்." யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பிளாண்ட் வர நாளாகுமாம். அதுவரை ஊர்க் குப்பையை அங்கே சேர்த்து வைக்கிறார்கள். காலையிலிருந்து லாரி. லோடு லோடாக. சாயங்காலம் பார்த்தால் எரிகிறது.

டிரைவரிடம் போய்க் கேட்டேன். "கொட்டுறதுதான்க்கா எங்க வேல. கொளுத்துனது யாருன்னு எனக்கென்ன தெரியும்."

ஜன்னல் இடுக்கில் எல்லாம் ஈரத்துணி. அப்படியும் சோற்றில் பிளாஸ்டிக் வாடை. யா. இருமி இருமிச் சோற்றைக் கக்கிவிட்டாள்.

இவர் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். "போட்டோல ஒன்னயப் பாத்தாகளாம். நம்ம வீட்டுப் பேரத்தான் மொத ஆளா எழுதுனாக." சண்டை போடத் தெம்பில்லை. அவர் கண்ணும் சிவந்து கிடந்தது. தூக்கமோ, புகையோ.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றும் புகை. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்தக் காத்து பிள்ளைக்கு ஆகாது. எடத்த மாத்துங்க."

எம்.ரெட்டியபட்டிக்கு, அம்மாவுக்குப் போன். "கொண்டாந்து விடு. நீயும் வந்துரு."

நான் எப்படி? மாமாவுக்குச் சர்க்கரை ஊசி நான்தான் போட வேண்டும். இவர் ராத்திரி மில்லில். நாளைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் நான் மட்டும் திரும்பி வர வேண்டும்.

பையில்: நெபுலைசர், மருந்து, பூப்போட்ட கவுன், போர்வை. அம்மாவுக்கு மெஷின் மாட்டச் சொல்லிக்கொடுக்கணும். மாமா வந்து பையைப் பார்த்தார், போய்விட்டார்.

யா. தூங்கும் முன் கேட்டாள். "அம்மாச்சி வீட்டுல நீ எந்தப் பக்கம் படுப்ப?"

சுவர்ப் பக்கம் என்றேன்.