என் பெயரில் அச்சான உன் கட்டுரை

என் அன்பு ரஞ்சி,

விடுமுறைக்கு உன் ஊரான ஜெயபுரம் போன நீ டெங்குக் காய்ச்சலில் ஐந்தே நாளில் எங்களை விட்டுப் போய், ஒரு வருடம் கடந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் நம் ஸ்பானிய வகுப்பில் இப்போது தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். உனக்கு நல்ல செய்தி எழுதத்தான் ஆசை. ஆனால் என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நீ இல்லாமல் மேல் இடைநிலை வகுப்புக்கு ஏறினேன். 'வந்திருந்தால்', 'சொல்லியிருந்தால்' என்று நடக்காத காரியங்களைப் பேசுகிற வினைவடிவங்கள்தான் அங்கே முழுக்க. போன வருடம் அவற்றைத் தொட்டபோதே உனக்கு அவை சுலபமாக வந்தன. விடுதி அறையில் உடுப்பு மடித்துக்கொண்டே எனக்குச் சொல்லித் தருவாய். நாற்காலிக்கு நாம் சொல்லும் 'கதிரை' அங்கேயும் இருக்கும் என்று நம்பி வகுப்பில் நான் 'கதேரா' என்றதும், அது இடுப்பு என்று விரிவுரையாளர் திருத்தியதும், நீ மேசையில் முகம் புதைத்துச் சிரித்ததும் நினைவிருக்கிறதா?

உன் பொருட்களை வீட்டுக்கு அனுப்பியபோது ஒரு கொப்பியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். நினைவுக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் நீ யாருக்கும் காட்டாத ஒரு கட்டுரை இருந்தது. வருட இறுதிக் கட்டுரை கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது என்னிடம் உருப்படியாக ஒரு பந்திகூட இல்லை. கொப்பியை எடுத்தேன். ஜெயபுரம் என்று இருந்த இடத்தில் என் ஊரான முள்ளியவளை என்று மாற்றினேன். மற்றதெல்லாம் உன் எழுத்து.

உன் அம்மா கூலிக்குக் களை பிடுங்கப் போன வயலில் மழை வந்த கதை அது. நனைந்த தலையைத் துடைக்க வயலோரம் இருந்த வயல்காரர் வீட்டு வாசலில் ஒரு துண்டு கேட்டார். அங்கே துண்டு என்றால் சிறு கடதாசி. அந்த வீட்டுப் பெண் கடதாசித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்ட, எல்லோரும் சிரித்தார்கள். மலையகத்திலிருந்து வந்த உன் அம்மா அன்றைக்கு 'துவாய்' என்று சொல்லப் பழகினார். நம் வகுப்பில் ஒருநாள் துவாய்க்கு 'தொவாய்யா' என்ற ஸ்பானியச் சொல் வந்தபோது உனக்குப் புரிந்தது. சிரித்தவர்கள் தங்கள் சொல் என்று பெருமைப்பட்டது, போர்த்துக்கேயர் கப்பலில் கொண்டுவந்து விட்டுப் போனது.

விரிவுரையாளர் என்னை எழுப்பி அதை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும், சொந்தமாக அனுபவித்தவளால்தான் இப்படி எழுத முடியும் என்றார். நான் தலையாட்டினேன், ரஞ்சி. வகுப்பில் ஒருவர், என் அம்மா என்று நினைத்து, உன் அம்மாவுக்காகக் கண் கலங்கினார். அந்த இரக்கத்தையும் நானே வாங்கிக்கொண்டேன். பிறகு அது துறையின் சஞ்சிகையில் என் பெயரோடும் படத்தோடும் வந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை எழுதியிருக்கிறாய்? தமிழிலை சொல்லு கேப்பம்," என்றா. சொன்னேன். பாதியிலேயே அவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாங்கள் எப்ப பிள்ளை துவாயைத் துண்டு எண்டனாங்கள்? அது மலைநாட்டு ஆக்களின்ரை கதையல்லோ. எங்கடை வயலுக்கு வாறவையை நாங்களும் இப்பிடிப் பகிடி பண்ணியிருக்கிறம். கடுதாசித் துண்டோ எண்டு."

அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டிலும் இருந்தது. சிறுமியாக நானும் கூடச் சிரித்திருக்கிறேன். நீ எந்த ஊர் என்று அம்மா கேட்டபோதெல்லாம், மலையகத்தவர் குடியேறிய ஜெயபுரம் என்று சொல்லாமல் கிளிநொச்சிப் பக்கம் என்று மழுப்பியவள்தானே நான்? அப்படிப்பட்டவள் உன் அம்மா பட்ட அவமானத்தை என்னுடையதாக வாசித்துக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

"அது ரஞ்சி எழுதினது, அம்மா. நான் களவெடுத்தனான்," என்றேன். அம்மா சஞ்சிகையை மூடி வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டா.

மறுநாள் உன் கொப்பியோடு கிளிநொச்சியில் பஸ் மாறி ஜெயபுரம் போனேன். உன் அம்மா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். "என்னன்னு எழுதியிருக்கா, படிங்க," என்றார் அவர்.

முதலில் ஸ்பானியத்தில் வாசித்தேன், பிறகு தமிழில் சொன்னேன். அவர் மிளகாயைப் பார்த்தபடியே இருந்தார்.

"இத நான் அவகிட்ட சொன்னதே இல்லியேம்மா. அன்னிக்கு அவளுக்கு அஞ்சு வயசு. வரப்புல உக்காந்திருந்தா. பாத்திருக்கா போல."

கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். "கொப்பிய வச்சிட்டுப் போங்க." உக்காருங்க என்று சொல்லவில்லை, தேத்தண்ணி தரவில்லை. அவர் செய்தது சரி.

திரும்பி வந்து துறையில் ஒப்புக்கொண்டேன். கட்டுரைக்குத் தந்த புள்ளிகளை ரத்துச் செய்தார்கள். அடுத்த வருடம் எனக்குக் கீழே படிக்கும் பிள்ளைகளோடு அதே வகுப்பில் மறுபடி இருக்க வேண்டும். அது நியாயம். ஆனால் சஞ்சிகையில் உன் பெயரைப் போடுங்கள் என்றபோது, "அச்சடித்து முடிந்த விஷயம், பெரிதாக்க வேண்டாம்," என்று முகம் சுளித்தார்கள். துறையின் பெயர் கெட்டுவிடுமாம். என்னில் எனக்கு இருக்கும் அருவருப்புக்கு அந்தச் சுளித்த முகங்களும் சேர்ந்துகொண்டன. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்: அந்தக் கட்டுரை ஜெயபுரம் சிவரஞ்சனி எழுதியது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மறுபடி எழுத வேண்டிய கட்டுரையைக் கடதாசித் துண்டோ என்று சிரித்தவர்களின் வீட்டிலிருந்து, எங்கள் வீட்டிலிருந்து எழுதுவேன். எங்கள் வயலில் யார் யார் சிரித்தோம் என்று எழுதுவேன். இலக்கணம் பிழைத்தாலும் பரவாயில்லை. அதை முதலில் உன் அம்மாவிடம் கொண்டுபோவேன். அவர் கேட்க விரும்பினால் வாசிப்பேன்.

'உன் சகோதரி' என்று கையெழுத்திடக் கை கூசுகிறது. அந்த உறவுக்குத் தகுதியாக இன்னும் நாள் எடுக்கும்.

உன் அறைத்தோழி,
முள்ளியவளை துளசிகா