புளூட்டோ தோஷம்

1962 ஜூன் 11, தென்காசி
ஏழாம் வகுப்புக்குச் சூரிய மண்டலம் நடத்தினேன். கடைசியில் இருப்பது புளூட்டோ. குளிரில் உறைந்து கிடக்கும் சின்ன உருண்டை. சூரியனை ஒரு தரம் சுற்றிவர இருநூற்று நாற்பத்தெட்டு வருஷமாம். சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அம்மா போன பிறகு வேறு யாரிடம் சொல்ல? எதையும் காதில் வாங்காதவர், பெயரை மட்டும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

ஜூன் 16
அப்பா குற்றாலத்துக்கு அருவிக் குளியலுக்குப் போய்விட்டு வந்தார். துண்டு நனையவே இல்லை. கேட்டால், கூட்டமாம்.

ஜூன் 19
செங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வடிவம்மாள் அனுப்பிய ஆள் வந்து என் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தான். "பொண்ணுக்குக் கடகத்துல புளூட்டோ நிக்குதாம். மாமியாருக்கு ஆகாதாம்."

பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று போன வாரம்தான் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்தார்கள்! மாப்பிள்ளை புனலூர் ஸ்டேஷனில் கிளார்க். ஒரே ஒரு தரம் பார்த்தேன். பிடித்திருந்தது. அங்கே அவருக்கு வேறு எவளாவது இருக்கிறாளோ?

அப்பா "போட்டும், விடு" என்றார். இத்தனை சீக்கிரமாகவா?

ஜூன் 20
வகுப்பில் ஒரு பாடமும் ஓடவில்லை.

ஜூன் 21
கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருநூற்று நாற்பத்தெட்டைப் பன்னிரண்டு ராசிக்கும் பங்கு வைத்தால் ஒரு ராசியில் இருபது வருஷம் உட்கார்ந்திருக்கும். தென்காசியில் என் வயதுப் பெண்கள் அத்தனை பேரும் மாமியாருக்கு ஆகாதவர்களா? தையில் எட்டுக் கிரகம் கூடி உலகம் அழியும் என்று பயம்காட்டினார்களே ஜோசியர்கள், அவர்கள்கூட இந்தப் பெயரைச் சொல்லவில்லை. செங்கோட்டையில் யாருக்குத் தெரியும்?

இந்த வீட்டில் தெரியும்.

சீ. அப்பாவையா சந்தேகப்படுகிறேன்?

ஜூன் 24, ஞாயிறு
வெட்கத்தைப் பார்க்காமல் நானே செங்கோட்டைக்குப் போனேன். கணக்கைக் கேட்டு வடிவம்மாள் சிரித்துவிட்டார். "அப்பம் எம் மவனுக்கும் அங்கனதான் நிக்குதா? எங்க ஜோசியருக்கு என்னம்மா தெரியும். உங்கப்பாதான் வந்து சொன்னாவ. மறைக்க மனசு கேக்கலன்னு கண்ணைத் தொடச்சாவ."

வீட்டுக்கு வந்து கத்தினேன். "என் சம்பளம் போயிருமேன்னுதான?"

"சம்பளம் போனா கஞ்சி குடிச்சுக்கிடுதேன்ட்டி. நீ போனா யாருகூட இருந்து குடிக்க?"

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நவம்பர் 20, புனலூர்
ஆவணியில் கல்யாணம் முடிந்து இங்கே வந்த பிறகு அப்பாவிடமிருந்து முதல் கார்டு. காய்ச்சலாம். நாலு நாளாக எழுந்திருக்கவே இல்லையாம். எழுத்தில் ஒரு நடுக்கம் இல்லை. தானே நடந்துபோய்த் தபாலில் போட்டிருப்பார்.

இவர் வாங்கிப் படித்துவிட்டு, "நெசமா இருக்குமோ?" என்றார்.

ஒரு வார்த்தைகூட நிஜமில்லை என்றேன். சொல்லிக்கொண்டே சாயங்கால வண்டிக்குத் துணி எடுத்து வைத்தேன்.