என் உடம்பில் இருக்கிறதாம் கரண்ட்

நம் ஜோசப்பின் நைனாவுக்கு,

தளவானூருக்கு அக்காவைப் பார்க்கப் போகிறேன். பொழுது சாயத் திரும்பிவிடுவேன். குழம்பில் உப்பு மட்டும் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். கன்னத்துப் புற்றுக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரி மெஷினில் கரண்ட் வைத்ததிலிருந்து என் வாயில் எச்சிலும் இல்லை, ருசியும் இல்லை.

தொண்டூர் அனந்தநாதன் பாடாத ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருவார். நான் தொட்டால் பாடுமாம். போன வாரம் பக்கத்து வீட்டு ரேடியோவைத் தூசி தட்டினேன், அது பாடித் தொலைத்தது. அன்றிலிருந்து, "அந்தம்மா ஒடம்புல இன்னும் கரண்ட் இருக்குது" என்று ஊரே பேசுகிறது. நம் ஊர்க் கோட்டையைப் பார்க்க வந்தவர்கள்கூட என்னையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அனந்தநாதனுக்கு மோர் கொடுத்து, வயர் லூஸாக இருக்கும் என்று சொல்லி அனுப்புங்கள்.

ஊரை விடுங்கள். நேற்று நீங்களே டார்ச் லைட்டை நீட்டி, "கொஞ்ச நேரம் புடிச்சிக்கினு இரு, பேட்டரி ஏறுதா பாக்கலாம்" என்றீர்களே! தண்ணீர் குடிக்காமல் ஒரு வாய் சோறு எனக்கு இறங்குவதில்லை. கரண்ட் இருந்தால் முதலில் அதைத் தள்ளிவிட்டிருக்காதா? மெஷினை நிறுத்தினால் கரண்டும் நின்றுவிடும் என்று டாக்டர் உங்களிடம்தானே சொன்னார்? நானும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது வேறு கதை.

அருளம்மாள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ரேடியோ பாடிய நாளிலிருந்து பாயை அந்தக் கோடியில் போட்டுக்கொண்டு, "இங்கதான் காத்து வருது" என்கிறீர்கள். அங்கே ஜன்னலே இல்லை. இன்றைக்கு என் பக்கத்தில் போடுங்கள். ஷாக் அடித்தால் சொல்லுங்கள், கையை எடுத்துவிடுகிறேன்.