வாந்திக்காரர்களின் பக்கம்

செப்டம்பர் 13, சனி

காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். ஆரியசாலையில் அண்ணன் கடைக் கணக்கை மதியத்துக்குள் முடித்தாகிவிட்டது. நாளை விழிஞ்ஞத்திலிருந்து படகு. கடற்பறவை பார்க்கும் குழுவோடு முதல் பயணம். எடுக்க வேண்டியவை: தொப்பி, பைனாகுலர், எலுமிச்சை, வாந்தி மாத்திரை.

மாத்திரை வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. "ஏட்டி, பஸ்ஸுல பழவங்காடி தாண்டதுக்குள்ள ஒனக்குத் தல சுத்தும். வாந்தி எடுக்கதுக்குன்னு ஆராவது கடலுக்குப் போவாளா?"

நான் போவேன்.

14, ஞாயிறு

தூங்குமுன் எழுதிவிட வேண்டும்.

கரை சிறுத்ததுமே ஆரம்பித்துவிட்டது. மாத்திரை, எலுமிச்சை எல்லாம் வீண். குழுத்தலைவர் விஜயன் சார், ஓய்வு பெற்ற பேராசிரியர். அவர் படகில் ஒரு சட்டம்: வாந்தி எடுப்பவர்கள் ஒரு பக்கம், கேமராக்காரர்கள் மறுபக்கம். வாந்திப் பக்கத்தில் நான் மட்டும். விளிம்பைப் பிடித்தபடியே பறக்கும் மீன் பார்த்தேன். ஷியர்வாட்டர் பறவைகள் அலையை ஒட்டியே போயின, இறக்கை நுனி நனையாமல். அந்த நிலையிலும் அழகாகத்தான் இருந்தது.

"ஸ்குவா! ஸ்குவா!" என்று ஒரே கத்தல். மற்ற பறவைகளிடம் மீனைப் பிடுங்கித் தின்னும் முரட்டுப் பறவை, இங்கே அபூர்வம். எல்லோரும், படகோட்டியும்கூட, அந்தப் பக்கம் ஓட, படகே சாய்ந்தது.

அப்போது என் பக்கம் தண்ணீர் பிளந்தது. திமிங்கிலம். ஒரு தெரு அகலம்கூட இடைவெளி இல்லை. தலையில் நீளவாக்கில் வரப்பு போல மூன்று மேடு. ஊதியது. மூச்சு என் முகத்தில் அடித்தது, அழுகிய மீன் நாற்றம். பிறகு முதுகு, முதுகு, இன்னும் முதுகு, கடைசியில் சின்னதாய் வளைந்த துடுப்பு. போய்விட்டது. கூப்பிட வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

அழுதேன். சந்தோஷத்தில்தான்.

விஜயன் சார்: "போட்டோ உண்டோ, கோமதி?" இல்லை. "வேற ஆராச்சும் கண்டோ?" இல்லை. அந்த நாற்றம் என் வாந்தி நாற்றம்தான் என்றார் ஒரு கேமராக்காரர். நல்ல சிரிப்பு. சிரிக்கட்டும்.

15, திங்கள்

கடையில் உட்கார்ந்தால் தரை ஆடுகிறது. மிளகு மூட்டையில் சாய்ந்து தூங்கி, அண்ணனிடம் திட்டு.

பயண அறிக்கைக்கு என் பங்கை அனுப்பினேன்: திமிங்கிலம், ஒன்று. மாலையில் விஜயன் சார் போன்.

"என் பேருல போற ரிப்போர்ட்டாக்கும். திமிங்கிலம்னா ஆளுக சிரிக்கும். பெரிய டால்பின்னு மாத்து, அது போதும்."

"அது டால்பின் இல்ல சார்."

"சனிக்கிழமை டிரிப்புக்கு ஒரு சீட்டுதான் பாக்கி. மாத்தினா உனக்கு. இல்லெங்கில் வேற ஆளுண்டு. வாந்தி எடுக்காத ஆளு."

கன்னியாகுமரிக்குத் தெற்கே, இரண்டு நாள், தூக்கமும் படகிலேயே. அதற்காகத்தானே இந்தக் குழுவிலேயே சேர்ந்தேன். என்னவென்று தெரியவில்லை என எழுதச் சொன்னால்கூட யோசித்திருப்பேன். பார்க்காத டால்பினை எப்படி எழுதுவது?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்படிச் சொன்னதற்கே என்மேல் எனக்கு எரிச்சல்.

17, புதன்

மழை. துணி காயவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒத்த வார்த்ததானே, மாத்திக் குடுத்துட்டுப் போயேன். திமிங்கலத்துக்குத் தெரியவா போவுது?"

எனக்குத் தெரியுமே.

அனுப்பிவிட்டேன்: மாற்ற மாட்டேன் சார். சாயங்காலம் குழுவில் சனிக்கிழமைப் பெயர்கள் வந்தன. நான் இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ரசத்தில் உப்பு போட மறந்தேன்.

19, வெள்ளி

வானம் சுத்தம். வாந்தி எடுக்காத ஆளுக்குக் காய்ச்சலாம். விஜயன் சார் போன்: "சீட்டு காலியுண்டு. பின்னே, அந்த டால்பின்..."

"சீட்டுக்கு வாறேன் சார். டால்பினுக்கு வரல."

பட்டென்று வைத்துவிட்டார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

"கூப்புடாத எடத்துக்கா போற?" என்கிறார் இவர். போகத்தான் போகிறேன். விடியுமுன்பே விழிஞ்ஞத்தில் நிற்பேன், முதல் ஆளாகப் படகில் ஏறி உட்காருவேன். இறக்கிவிட வேண்டுமானால், எதற்கென்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லி இறக்கிவிடட்டும்.