படம் இல்லாமல் நகராத செய்தி

செவ்வாய், இரவு.

சித்தேரி மலைச்சாலையில் ஒரு வளைவு பாதி சரிந்துவிட்டது. காலைப் பேருந்து அந்த வழியாகத்தான் ஏறும். டெப்போவில் சொன்னால், "பேப்பர்ல வரட்டுங்க, நிறுத்திடலாம்" என்கிறார்கள். மாலையே எழுதிவிட்டேன். மலையில் சிக்னல் இல்லாததால் அங்கிருந்து படம் வரவில்லை. எங்கள் நாளிதழின் புதிய மென்பொருளில் படம் ஏற்றாமல் செய்தி அடுத்த ஆளுக்கு நகராது.

அந்த மென்பொருளின் படிகளை வடிவமைத்த தினேஷுக்குப் போன் செய்தேன்.

"அந்த ஒரு ஸ்டெப்ப எடுத்து வுடு தம்பி. பஸ்ஸு கவுந்துரும்."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க சார். ஏதாச்சும் ஒரு போட்டோ ஏத்துங்க, தானா போயிரும்."

என் செருப்பைப் படமெடுத்து ஏற்றினேன். திரையில் பச்சைக் குறி விழுந்தது. சரிபார்ப்பவரும் பச்சை, ஆசிரியரும் பச்சை. யாரும் திறந்து பார்க்கவில்லை. பக்கம் அச்சுக்குப் போய்விட்டது.

காலையில் பேப்பரைப் பார்த்துப் பேருந்தை நிறுத்திவிடுவார்கள். செய்திக்கு மேலே என் செருப்பு இருக்கும். மாற்றச் சொல்லி நான் போன் செய்யப்போவதில்லை.