மலைக்குப் போட்ட ஆக்சில்

என் ஆசை அண்ணா,

நீ போட்ட ஆக்சிலைக் கழற்றிவிட்டேன். முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான். கேட்டதும் உனக்குக் கோபம் வரும். வரட்டுமே. நீ போன நாளிலிருந்து நான் மட்டும்தானே கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெட்ரோல் விலை ஏறி, நம்முடைய பழைய அமெரிக்க பிளஷர் காருக்குத் தீனி போட முடியாமல் போனபோது, டீசல் எஞ்சினை இறக்கிப் போட்டவன் நீ. அதுவரை எனக்கும் சம்மதம்தான். புது எஞ்சின் இழுத்த இழுப்பில் பின் ஆக்சிலின் பல் உதிர்ந்தது. வேலூர் காயலான் கடைக்குப் போனோம். அங்கே இரண்டு ஆக்சில் கிடந்தது. ஒன்று நம் வண்டி மாதிரியே ஒரு காரிலிருந்து கழற்றியது, இன்னொன்று ஜீப்பினுடையது. சக்கரம் ஒரு சுற்று வர, கார் ஆக்சிலுக்கு எஞ்சினிலிருந்து வரும் தண்டு நாலு சுற்று சுற்றினால் போதும். ஜீப்புக்கு அது ஐந்தைத் தாண்டிச் சுற்ற வேண்டும்.

“இது ஓடும், அது ஏறும். டீசல் இஞ்சினு நிதானமாத்தான் சுத்தும், ரெண்டும் கேட்டா நடக்காது. எது வோணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார் கடைக்கார பாய்.

“ஓடுறத எடுத்துக்கலாம்ணா. கல்யாணம் காட்சின்னா திருப்பத்தூரு, வேலூருன்னு நாலு சவாரி வரும்” என்றேன் நான்.

“மலை ஏறாத வண்டி எனக்கு இன்னாத்துக்குடா? காவலூருக்கு மேல இருக்கிறவங்க, புள்ளத்தாச்சிய டோலி கட்டித் தூக்கினு வர்றாங்களே, நீ பாக்கல?”

அவ்வளவுதான். என்னைக் கேட்டாய், பிறகு உன் இஷ்டப்படி செய்தாய். எப்போதும் அப்படித்தானே செய்வாய்?

ஏறியது. அதை நான் மறுக்கவில்லை. மேலே புளி மூட்டை, உள்ளே மூச்சு விட இடமில்லாமல் ஆட்கள். ஆனாலும் ஆலங்காயம் தாண்டி ஒரு வளைவில்கூட யாரையும் இறக்கிவிடாமல் ஏறியது. தரையில்தான் மானம் போனது. எஞ்சின் கத்தும், வண்டி நகராது. பின்னால் வருகிறவனுக்கு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போ போ என்று ஆட்டுவதே என் வேலையாக இருந்தது. ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் என்னைக் ‘கையாட்டி’ என்று கூப்பிட்டார்கள். நீ அதைக் கேட்டுச் சிரித்தாய்.

நீ போன அன்றைக்கு முகூர்த்த நாள். ஷெட்டில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஊரில் இருந்த அத்தனை காரும் கல்யாண சவாரிக்குப் போயிருந்தன. பஸ்ஸும் போய்விட்டது. நம் வண்டியிலேயே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் அண்ணியின் மடியில் உன் தலை. நான் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தேன். அணைக்கட்டு தாண்டி நேர் ரோடு, ஒரு மேடு பள்ளம் கிடையாது.

“இன்னாடா, மெதுவா போற?” என்று கேட்டாய்.

“இதுக்கு மேல போவாதுண்ணா.”

“ஆமா இல்ல” என்றாய். உன் வாயிலிருந்து வந்த கடைசிப் பேச்சு அதுதான். நீ எதை நினைத்துச் சொன்னாய் அண்ணா? வலியிலும் உனக்கு அந்த ஆக்சில் ஞாபகம் வந்ததா?

அப்போதுதான் பின்னால் மாலை கட்டிய ஒரு கல்யாணக் கார் வந்தது. நம்முடையதைப் போல இரண்டு மடங்கு வேகம். உன்னை அதில் ஏற்றிவிட்டால் போதும் என்று, கையை வெளியே நீட்டி வெறி பிடித்தவன் மாதிரி ஆட்டினேன். நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்தினேன். நம் டீசல் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? வழி விடுகிறேன் என்று நினைத்துவிட்டான். ஹாரன் அடித்து, நன்றிக்குக் கையும் காட்டிவிட்டுத் தாண்டிப் போனான். உள்ளே இருந்த குழந்தைகள்கூடக் கையாட்டின.

“கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே” என்றார் டாக்டர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

மலையிலிருந்து உன் சாவுக்கு நடந்தே வந்தார்கள். இறங்கிவர அவர்களுக்கு இருந்த ஒரே வண்டி இதுதான். வந்து சேர்ந்தபோது உன்னை எரித்து முடித்திருந்தோம். இப்போது மேலே இரண்டு மூன்று வீட்டில் உன் படம் மாட்டி விளக்கு வைக்கிறார்களாம். வைக்கட்டும். உன்னால் எத்தனை உயிர் பிழைத்தது என்று என்னிடமே சொல்கிறார்கள். நான் அவ்வளவு நல்லவன் இல்லை. அத்தனை பேரையும் திருப்பிக் கொடுத்துவிட்டு உன்னை வாங்கிக்கொள்ள முடியுமென்றால் வாங்கிக்கொள்வேன். நீ எனக்குச் சாமி இல்லை, அண்ணன்.

“அத்தக் கழட்டிடுங்க தம்பி, கண்ணுல படக்கூடாது” என்று அண்ணிதான் சொன்னது. காயலான் கடையில் தேடி, அன்றைக்கு வேண்டாமென்றாயே, அதே மாதிரி ஒன்றை வாங்கி மாட்டினேன். மறுவாரம் சின்னக்காளி இறங்கி வந்தான். அவன் பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு நீ கொண்டுவந்தாயே, அவன்தான்.

“வண்டி எப்போ மேல வருங்க?”

“வராது. வேற ஆக்சில் போட்டாச்சு.”

ஷெட்டு ஓரத்தில் கிடந்த ஜீப் ஆக்சிலையே பார்த்துக்கொண்டிருந்தான். “அவரு இருந்தா மாத்தியிருக்க மாட்டாருங்க” என்றான்.

“அவருதான் இல்லியே” என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணி கதவைச் சாத்திக்கொண்டார். நான் சொன்னது தப்பா, நீயே சொல்லேன்.

நேற்று வண்டியை ஓட்டிப் பார்த்தேன். சவாரி இல்லை, நான் மட்டும்தான். அணைக்கட்டு தாண்டியதும் மிதித்தேன். பறந்தது அண்ணா. ஒரு லாரியை முந்தினேன், அடுத்ததையும் முந்தினேன். எங்கே திரும்புவது என்று யோசிக்காமலே போய், அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பிரேக் போட்டு நின்றேன். நான் வந்த வேகத்தைப் பார்த்து வாட்ச்மேன் ஓடி வந்து பின்கதவைத் திறந்தார்.

“பேஷண்டு எங்கப்பா?” என்றார்.

காலியாய்க் கிடந்த பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணிக்கோ உன் மகளுக்கோ ஒன்று என்றால் இந்த வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரும். இது சத்தியம். மலையைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதே.

உன்னைப் பின்சீட்டில் வைத்து ஓட்டி வந்த
உன் தம்பி,
முனுசாமி